மூக்குக்கு எதிராக ஒரு வேலைநிறுத்தம்

போன வாரம் என் மகள் கல்யாண மண்டபத்திலிருந்து வீடு திரும்பினாள். கல்யாணத்துக்குப் போய்விட்டு அல்ல. அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்ட பெண்களை எல்லாம் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய், பூந்தமல்லிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நம் ஊரில் கைது என்றால் பெரும்பாலும் இப்படித்தான். மணமேடைக்கு முன்னால் உட்காரவைத்து எலுமிச்சைச் சாதம் கொடுப்பார்கள். இது எல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், மண்டபத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் நின்றுகொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். டீக்கடைக்காரர் கடைசியில் இரக்கப்பட்டு, "இன்னாமா, பொண்ணு கல்யாணமா?" என்று கேட்டார். அவ்வளவு கலவரமாக இருந்திருக்கிறது என் முகம். இன்றுவரை அந்தப் படபடப்பு முழுதாக இறங்கவில்லை. அவள் கைபேசி எங்கே இருக்கிறது என்று என் கைபேசியில் ஒரு புள்ளி காட்டும்; நாள் முழுக்க அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. ஆட்டோவில் ஏறியதும் அவள் பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்துக் கைகளில் தேய்த்தாள். குப்பென்று ஸ்பிரிட் வாசனை. நான் மூச்சை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். "என்னம்மா, அழுதுட்டே இருந்தே, இப்ப சிரிக்கிறே?" என்றாள். அது நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தின் வாசனை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரிந்த அம்மா, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு பார்த்து ஓய்ந்த அம்மா. அதற்கெல்லாம் முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, திருமுல்லைவாயிலைத் தாண்டி இருந்த ஒரு விஸ்கி கம்பெனியில் நான் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டில் பார்ப்பது என்பது ஒரு வேலை. கழுவி, நிரப்பி, மூடி போட்ட பாட்டில்கள் வரிசையாக ஊர்ந்து வரும். ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் நாங்கள் பெண்கள் உட்கார்ந்திருப்போம். கைக்கு இரண்டாக எடுத்துக் கவிழ்த்து, வெளிச்சத்துக்குக் காட்டி, உள்ளே தூசு, முடி, கண்ணாடிச் சில்லு ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ரயிலில் தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் கவிழ்த்துப் பார்க்காமல் குடிக்கமாட்டேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தேன் நிறம் நாள் முழுக்கக் கண்ணுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும். அழகான நிறம்தான். அதைக் குடிப்பதற்கு ஏன் இத்தனை பேர் உயிரை விடுகிறார்கள் என்று மட்டும் எங்களில் ஒருத்திக்கும் புரிந்ததில்லை.

வாசனை சேலையில் ஏறும், தலைமுடியில் ஏறும், சாப்பாட்டு டப்பாவில் ஏறும். கனகாம்பரம், மல்லிகை எது வைத்தாலும் அடங்காது. சாயங்காலம் பட்டாபிராம் ரயிலில் நாங்கள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து கதவோரம் போய்விடுவார்கள். அதனால் எங்களுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் மட்டும் நகராமல் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "புண்ணியமாப் போச்சு தாயி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். ஊரிலிருந்து யாராவது வந்தால், "பிள்ளை மருந்து கம்பெனியில இருக்கா" என்பார். வந்தவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "நல்ல காரமான மருந்துதான் போல" என்பார்கள்.

இனி கம்பெனி கேட்டுக்கு வருகிறேன். சங்கு ஊதியதும் எல்லோரும் வரிசையில் நிற்போம். பையைச் சோதிப்பார்கள், அது எல்லாக் கம்பெனியிலும் உண்டு. எங்கள் கம்பெனியில் கூடுதலாக ஒன்று இருந்தது. கேட்டில் நிற்பவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். உள்ளே சரக்கைக் குடித்துவிட்டுப் போகிறோமா என்று பார்க்கத்தான். நின்றவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். எங்களுக்கு அவர் ஹவில்தார். அவர் பேரை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொருத்தரையும் பார்த்து ஒரே வார்த்தை: "ஊது." நாம் ஊதினால் கண்ணை மூடிக்கொள்வார், ரசம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி. பிறகு தலையை ஆட்டுவார். போகலாம்.

எல்லார் மேலும் வாசனை அடிக்கும்போது இவர் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "வெளி வாசனை வேற, உள் வாசனை வேற. எனக்குத் தெரியும்." நாங்களும் சும்மா இருப்பதில்லை. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட நாளில் கொஞ்சம் பலமாகவே ஊதுவோம். எங்களில் அதில் கைதேர்ந்தவள் தேசம்மா. நெமிலிச்சேரிக்காரி. அவளுடைய அம்மா அப்பா காலம்வரை கழனி வேலை. இவள்தான் முதலில் கம்பெனிக்கு வந்தவள். என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவள். ஊதிவிட்டு, "இன்னா ஹவில்தாரு, வஞ்சிரமா நெத்திலியா, சொல்லு பாப்போம்" என்பாள். அவர் சிரிக்காமல், "நெத்திலி. அடுத்த ஆள்" என்பார்.

ஒருநாள் மூடி போடும் இயந்திரத்தில் ஒரு பாட்டில் வெடித்தது. வெடிப்பது புதிதல்ல. இயந்திரத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு போடச் சொல்லி தேசம்மா பலமுறை கேட்டிருந்தாள். அன்றைக்குச் சில்லு அவள் புருவத்துக்கு மேலே கிழித்தது. முழு பாட்டிலும் அவள் மேலேயே கொட்டியது. சேலை, ரவிக்கை, முகம் எல்லாம் விஸ்கி. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டாள். "எத்தினி தபா சொல்றது ஒனக்கு? கண்ணு பூட்ச்சின்னா உன் கண்ண குடுப்பியா?" ஹால் முழுக்க வேலை நின்றுவிட்டது. சாயங்காலம் கேட்டில் தேசம்மா ஊதியபோது சூப்பர்வைசரும் ஹவில்தார் பக்கத்தில் நின்றிருந்தார். "என்ன வாசனை?" என்றார். ஹவில்தார் ஒரு நொடி தயங்கினார். "வாசனை இருக்கு சார்" என்றார். உள்ளா வெளியா என்று சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பணி நேரத்தில் குடித்திருந்ததால் வேலைநீக்கம்.

வேலை போனதுகூட அவளுக்கு இரண்டாம்பட்சம். அந்த மாதம்தான் அவள் மகளுக்குத் திருநின்றவூரில் ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள். குடிகாரி என்று கம்பெனியே சொல்லிவிட்ட பிறகு யார் பெண் எடுப்பார்கள்? ஒரு ஆணைக் குடிகாரன் என்றால் ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். பெண்ணைச் சொன்னால் அது அவளோடு நிற்காது. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு தேசம்மா கத்தவில்லை, அழவில்லை. "என்ன வேலைய வுட்டுத் தூக்கட்டும். நான் குட்ச்சேன்னு சொல்லக்கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்று மதியம் விளக்குப் பலகையை அணைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்தோம். கழுவுகிற பெண்கள் வந்தார்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள் வந்தார்கள், கடைசியில் பாய்லர் ஆட்களும் வந்துவிட்டார்கள். பாய்லர் ஏகாம்பரம்தான் சங்கத்துக்குத் தலைவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர், மைக் இல்லாமலே பேசுவார். தேசம்மாவை எடுத்துக்கொள்ள வேண்டும், குடித்தாள் என்ற சொல்லை எடுக்க வேண்டும், கேட்டில் ஊதச் சொல்லும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், தடுப்பும் கையுறையும் வேண்டும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஷாமியானா எழும்பியது.

சாராயக் கம்பெனியில் வேலைநிறுத்தம் என்றால் ஊரில் யார் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வார்கள்? முதல் இரண்டு மூன்று நாள் எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லாம் குடிகாரர்கள். குமணன்சாவடியிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, "ஷாமியானால சரக்கு தராங்களாமே" என்று கேட்டார். இன்னொருவர் உண்மையான கவலையோடு, "அக்கா, ஜல்தியா முடிங்கக்கா. கடைல உங்க சரக்கு இல்ல. வேற குட்ச்சா தலைய வலிக்குது" என்றார். கம்பெனிக்கு இது போதுமானதாக இருந்தது. போராட்டப் பந்தலில் எல்லோரும் போதையில் கிடக்கிறார்கள் என்று பேச்சைக் கிளப்பிவிட்டார்கள்.

ஏகாம்பரம் யோசித்தார். மறுநாள் காலை பந்தல் வாசலில் ஒரு நாற்காலி போட்டார். "இனிமே யாரா இருந்தாலும் ஊதிட்டுதான் உள்ள வரணும். வாசனை வந்துச்சுன்னா திரும்பிப் போய்க்கினே இரு." எதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தோமோ அதையே நாங்கள் பந்தலில் வைத்துக்கொண்டோம். அதைவிட வேடிக்கை, அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்ன பேர்: தேசம்மா.

முதல் நாளிலேயே அவள் திருப்பி அனுப்பியது அவளுடைய புருஷனை. பெயின்ட் அடிக்கிறவர், நல்ல மனுஷர், காலையிலேயே கொஞ்சம் ஆரம்பித்துவிடுவார்.

"ஊது."

"இன்னா தேசம், நான் உன் ஊட்டுக்காரன்."

"ஊட்டுல நீ ஊட்டுக்காரன். இங்க ஊது."

ஊதினார். அவள் ரோட்டைக் கை காட்டினாள். அவர் எதிர்க்கடை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க ஊட்டுல குடிக்கிறவன் நான் ஒர்த்தன்தான் சார். என்ன வேலைய வுட்டுத் தூக்கியிருந்தா நாயம். அவள ஏன் தூக்கினானுங்க?" என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்காக அவ்வளவு உண்மையாகச் சாட்சி சொன்னவர் வேறு யாருமில்லை.

பந்தலில் மதியம் கஞ்சி காய்ச்சுவோம். எதிரே மூடிய கேட்டுக்குப் பின்னால் ஹவில்தார் தனியாக நிற்பார். ஊத ஆளில்லாத ஹவில்தார். ஒருநாள் தேசம்மா ஒரு தூக்கில் கஞ்சி ஊற்றித் துவையலும் வைத்து என்னிடம் கொடுத்து அவருக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் முறைத்தேன். அவள், "சண்ட அந்த ஆளுகிட்ட இல்லமே. அந்த ஆளு மூக்குகிட்ட" என்றாள். கம்பி வழியாக வாங்கிக்கொண்டார். தூக்கைத் திருப்பித் தரும்போது கழுவித் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா தினமும் வேலை முடிந்து சைக்கிளில் வருவார். பந்தலுக்குள் வரமாட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று, கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். மற்ற பெண்கள், "உன் நைனா வந்துட்டாருமே, கை காட்டு" என்று கேலி செய்வார்கள். வீட்டில் ஒரே ஒரு முறைதான் பேசினார். "ஏட்டி, முன்வரிசையில உக்காராத. நடுவுல உக்காரு." போன வாரம் மகளுக்கு நான் அனுப்பிய செய்தியை எடுத்துப் பார்த்தேன். அதே வாக்கியம். ஊர் பாஷை மட்டும் இல்லை.

நாட்கள் போகப் போகப் பந்தல் இளைத்தது. கம்பெனி ஒரு சமாதானத்தை அனுப்பியது: தேசம்மாவை மறுபடி எடுத்துக்கொள்கிறோம், தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் போதும். பலருக்கு மூச்சு வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. லேபிள் ஒட்டுகிற ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: "ஒரு கையெழுத்துக்கா. போட்டுட்டு எங்கள உள்ள அனுப்பக்கா."

தேசம்மா, "நீங்க எல்லாரும் நாளைக்கே உள்ள போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன். ஆனா குட்ச்சேன்னு என் கையால எழுதமாட்டேன். என் பொண்ணு நாளைக்கு என்னப் பாத்து நீதான எழுதினேன்னு கேப்பா" என்றாள். கேட்டவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சிப் பானையைக் கழுவப் போனாள். ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆனால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று ஏகாம்பரத்துக்கே தெரியவில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது.

அந்த நிலையில்தான் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். சூப்பர்வைசர்களை வைத்து ஒரு பாட்டில் வரிசையை ஓட்டிக் காட்டினார்கள். அதிகாரி ஹாலுக்குள் ரொம்ப நேரம் இருந்தார். ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டியதில் பாட்டில்கள் உடைந்துகொண்டே இருந்தனவாம். ஒருவழியாக மேனேஜரோடு கேட்டுக்கு நடந்து வந்தார். எதிரே நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். ஹவில்தார் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வைத்த கையை இறக்கிய அதே மூச்சில் அவர் வாயிலிருந்து வந்தது:

"ஊதுங்க சார்."

அதிகாரிக்குப் புரியவில்லை. ஏதோ விதிமுறை என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து ஊதினார். ஹவில்தார் வழக்கம்போலக் கண்ணை மூடினார். திறந்தார். கை தானாக ஓரத்தைக் காட்டியது. "வாசனை இருக்கு சார். கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க."

ஒரு கணம் ரோடே நின்றுவிட்டது. மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு பந்தலில் யாரோ ஒருத்தி களுக்கென்று ஆரம்பித்தாள், அவ்வளவுதான். ஏகாம்பரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கடை வாசலில் இருந்து தேசம்மாவின் புருஷன், "அண்ணாத்தே, வா, வந்து என் பக்கத்துல குந்து!" என்று கத்தினார். அதிகாரி தன் சட்டைக் கையை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு தேசம்மா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார்.

ஹவில்தார் பழக்கதோஷத்தில் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? "அந்த ஆளுக்கு அவ்ளோ மூள கெடையாதுமே, வாய் பழகிப்போச்சு" என்பாள் தேசம்மா. நான் அந்தக் கழுவிய தூக்கை நினைத்துக்கொள்வேன். அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டாலும் "அடுத்த ஆள்" என்றிருப்பார்.

அதன் பிறகும் கம்பெனி கொஞ்ச நாள் இழுத்தது. ஆனால் மூக்கை வைத்துக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். மேனேஜரும் அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்கவில்லை. மன்னிப்பு இல்லாமல் தேசம்மாவை எடுத்துக்கொண்டார்கள். குடித்தாள் என்ற உத்தரவை ரத்து செய்தார்கள். கண்ணாடித் தடுப்பு வந்தது. கையுறை கடைசிவரை வரவில்லை. திருநின்றவூர் மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில், இதைவிட நல்ல இடத்தில் முடிந்தது. நாங்கள் எல்லோரும் போய்ப் பந்தி பரிமாறினோம். ஹவில்தாரும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து மொய் எழுதினார். அப்போதுதான் அவர் பேர் சிங்காரவேலு என்று எங்களுக்குத் தெரிந்தது.

மறுபடி வேலைக்குப் போன முதல் சாயங்காலம், சங்கு ஊதியதும் வழக்கம்போல வரிசையில் வந்தோம். இனி ஊத வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியும் அவர் முன்னால் வந்ததும் கால் தானாக நின்றது, வாய் தானாகக் குவிந்தது. அவர் "போம்மா, போம்மா" என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தேசம்மா மட்டும் நின்று அவர் முகத்துக்கு நேராக நிதானமாக ஊதினாள். "இன்னா வாசன?" என்றாள். அவர் கண்ணை மூடினார். "ஒண்ணும் இல்ல. அடுத்த ஆள்" என்றார்.

நான் தபாலில் பட்டம் படித்து, கல்யாணமாகி வெளியே வந்த பிறகு சில வருஷங்களில் கம்பெனி மூடப்பட்டது. பெரிய தொட்டிகளை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். தேசம்மா நெமிலிச்சேரி வீட்டை விட்டு மகளோடு எங்கோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனாளாம். கைபேசி இல்லாத காலம்; தொலைப்பது சுலபம்.

நேற்று என்ன தோன்றியதோ, அந்த ரோட்டில் இறங்கிப் பார்த்தேன். வேப்பமரம் இல்லை. சங்கு இல்லை. வயலைத் தாண்டிக்கூட மிதந்து வந்த அந்த வாசனை இல்லை; வயலும் இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் பதினாலு மாடிக் குடியிருப்பு, கேட், ஒரு காவலாளிப் பையன். வடக்கத்திய முகம், தமிழ் தெளிவாகப் பேசினான். "யாரைப் பாக்கணும் அம்மா?" என்று கேட்டான். உள்ளே விடுவதற்கு ஒரு பேர் வேண்டும். எனக்கு வேறு எந்தப் பேரும் வாயில் வரவில்லை.

"தேசம்மா."

அவன் கைபேசியில் தட்டித் தேடினான். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல அம்மா."